தங்கவயல்: எழுதிக் கொடுத்ததும் வாயால் சொன்னதும்

1

தில்லி அரசு 2023 ஜூன் மாதம் முப்பது கனிமங்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. லித்தியம், கோபால்ட், நிக்கல், கிராஃபைட், டங்ஸ்டன், அரிய மண் தனிமங்கள் என்று போகிறது அந்தப் பட்டியல். இவற்றுக்கு 'முக்கியக் கனிமங்கள்' என்று பெயர். மின்சார வண்டிக்கும் காற்றாலைக்கும் செல்போனுக்கும் ஏவுகணைக்கும் இவை இல்லாமல் ஆகாது என்கிறார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் சுரங்கச் சட்டம் திருத்தப்பட்டு, 24 முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரத்தை ஒன்றிய அரசு தன் கைக்கு எடுத்துக்கொண்டது. 2025 ஜனவரியில் 'தேசிய முக்கியக் கனிமத் திட்டம்' வந்தது. அரசு ஒதுக்கிய பணம் 16,300 கோடி ரூபாய். பொதுத்துறை நிறுவனங்கள் போடவேண்டியது இன்னும் 18,000 கோடி. 2025 செப்டம்பரில் மற்றொரு ஆணை வந்தது: இந்தக் கனிமங்களைத் தோண்டும் திட்டங்களுக்கு மக்களைக் கூட்டி வைத்துக் கருத்துக் கேட்க வேண்டியதில்லை.

பணம் உண்டு, சட்டம் உண்டு, விலக்கு உண்டு. எல்லாம் எழுத்தில் இருக்கிறது. இதோடு சேர்த்து ஒரு வாக்குறுதியும் வருகிறது. வேலை வரும், வட்டாரம் தழைக்கும், பின்தங்கிய பகுதி முன்னேறும் என்கிறார்கள். இது மட்டும் எழுத்தில் இல்லை. எத்தனை வேலை? யாருக்கு? எத்தனை வருஷத்துக்கு? சுரங்கம் மூடினபிறகு அந்தக் குடும்பத்துக்கு என்ன? கேட்டுப் பாருங்கள். மேடையில் பதில் கிடைக்கும், காகிதத்தில் கிடைக்காது.

இந்த வித்தியாசத்தை நம் மக்கள் ஒருமுறை முழுதாகப் பார்த்திருக்கிறார்கள். நூற்றிருபது ஆண்டுகள் அதற்குள் வாழ்ந்து, இருமி, செத்துப் பார்த்திருக்கிறார்கள். அந்த இடத்துக்குப் பெயர் கோலார் தங்கவயல். கம்பெனிக்கு என்ன எழுதிக் கொடுத்தார்கள், தலித் தொழிலாளிக்கு என்ன வாயால் சொன்னார்கள் என்று பிரித்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

2

தங்கவயலின் வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்குகிறார்கள். 1802-இல் வாரன் என்ற வெள்ளைக்கார லெஃப்டினன்ட் வந்தான், பிறகு லாவெல் என்ற ஐரிஷ் சிப்பாய் வந்தான், 1880-இல் லண்டன் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது, சுரங்கம் பிறந்தது. யார் தோண்டினார்கள் என்று கேட்டால் 'கூலிகள்' என்று ஒரு சொல். எங்கிருந்து வந்த கூலி, என்ன சாதிக் கூலி என்பதற்கு அந்தப் புத்தகங்களில் இடமில்லை. ஜானகி நாயர் போன்ற ஒரு சிலர்தான் மைசூர்ச் சமஸ்தானத்துத் தொழிலாளர் வரலாற்றை ஆவணங்களிலிருந்து தோண்டி எடுத்து, சாதியையும் சேர்த்து எழுதினார்கள்.

வந்தவர்கள் வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கத்துச் சனங்கள். அதில் பெரும்பகுதி பறையர்கள். குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி, திருப்பத்தூர் சுற்றுவட்டச் சேரிகளில் இன்றைக்கும் 'கோலாரு' என்றால் கிழவிகளுக்கு ஒரு முகம் வரும். பஞ்சத்தில் போனவர்கள், கடனில் போனவர்கள், ஆண்டையின் அடிக்குத் தப்பி ராத்திரியோடு ராத்திரியாகப் போனவர்கள் எல்லாரும் உண்டு. சுரங்கத்தின் பாதாளத்துக்குள் இறங்க சாதி இந்து தயாராக இல்லை. கம்பெனிக்கோ இறங்குகிற ஆள் வேண்டும். அப்படித்தான் நம் சனம் அங்கே போய்ச் சேர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுரங்கங்களில் வேலை செய்தவர்கள் முப்பதாயிரம் பேர் அளவுக்கு இருந்தார்கள்.

இதை வெறும் துயரக் கதையாகச் சொல்லிவிட்டுப் போவது எனக்கு உடன்பாடில்லை. உரிகம் பகுதியில் ஒரு முதியவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். தன் தாத்தா சொன்னதாக அவர் சொன்னார்: "ஊருல ஆண்டை கூப்பிட்டா ஓடணும். இங்க சங்கு கூப்பிட்டா ஓடுனோம். சங்குக்குச் சாதி தெரியாதுல்ல தம்பி." பண்ணையில் நெல்லும் கேழ்வரகும் அளந்து போட்டவனிடமிருந்து விடுபட்டு, மாசம் பிறந்தால் கையில் காசு வாங்கிய முதல் தலைமுறை அது. காசு கையில் வந்தால் என்ன நடக்கும்? சட்டை போடலாம், செருப்புப் போடலாம், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பலாம், பத்திரிகை வாங்கலாம். சேரியில் இதில் ஒன்றைச் செய்தாலும் அடி விழுந்த காலம். ஆகவே வேலை என்ற சொல்லை நம்மால் லேசாகத் தள்ளிவிட முடியாது. சுரங்கமே வேண்டாம் என்று நகரத்து மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து எழுதுகிறவர்களோடு நமக்கு உள்ள சிக்கலும் இதுதான். நமக்கு வேலை வேண்டும். என்ன வேலை, யார் கையெழுத்துப் போட்ட வேலை என்பதுதான் கேள்வி.

3

மைசூர் அரசு கம்பெனிக்குச் செய்துகொடுத்ததை வரிசையாகப் பாருங்கள்.

முதலில் நிலம். பத்திரம் போட்டுக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். அரசுக்கு விளைந்த தங்கத்தில் நூற்றுக்கு 5 பங்கு ராயல்டி, எழுத்தில். அடுத்தது ரயில். பங்காரப்பேட்டையிலிருந்து மாரிகுப்பம் வரை 1894-இல் பாதை திறந்தாயிற்று. அடுத்தது தண்ணீர். பாலாற்றில் பேத்தமங்கலம் ஏரியிலிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் வந்தது. அதற்கு மேல் மின்சாரம். காவிரி விழுகிற சிவசமுத்திரத்தில் மைசூர் அரசு நீர்மின் நிலையம் கட்டி, 1902-இல் 92 மைல் தூரம் கம்பி இழுத்துத் தங்கவயலுக்குக் கொண்டுவந்து சேர்த்தது. அந்தக் காலத்தில் உலகத்திலேயே நீளமான மின்தடங்களில் ஒன்று. பெங்களூர் நகரத்துக்கு மின்விளக்கு வந்தது 1905-இல்தான். மகாராஜா நகரத்துக்கு முன்னாலேயே லண்டன் கம்பெனிக்கு வெளிச்சம் போட்டார்கள்.

சட்டமும் கொடுத்தார்கள். கணக்குக் காட்ட முடியாதபடி தங்கக்கல் கையில் இருந்தாலே குற்றம் என்கிற அளவுக்குச் சுரங்கச் சட்டம் இருந்தது. கேஜிலிருந்து மேலே ஏறி வருகிறவனை உரித்துச் சோதனை போட்டார்கள். காவலுக்குப் பஞ்சாபிகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். தமிழ் பேசாத காவல்காரன் தமிழ் பேசுகிற தொழிலாளியோடு கூட்டுச் சேரமாட்டான் என்ற கணக்கு.

இன்றைய பாஷையில் இதற்கெல்லாம் 'அரசு ஆதரவு', 'உள்கட்டமைப்பு', 'முதலீட்டுக்கு உகந்த சூழல்' என்று பெயர். நூறு வருஷத்துக்கு முன்னாலேயே எல்லாம் நடந்திருக்கிறது. தங்கம்தான் அன்றைக்கு முக்கியக் கனிமம். பிரிட்டிஷ் பவுனின் மதிப்பு தங்கத்தின்மேல் நின்றது. ஆகவே தங்கத்துக்கு என்ன கேட்டாலும் கிடைத்தது.

இப்போது தொழிலாளிக்கு என்ன கிடைத்தது? குடியிருக்க மூங்கில் தட்டியில் கட்டிய குடிசை. தட்டி லைன் என்றே பெயர். பிற்பாடு வந்த லைன் வீடுகளும் பெட்டி மாதிரி வரிசை வீடுகள்தான். வீடு கம்பெனியுடையது. வேலை போனால் வீடும் போகும். ஐரோப்பியனுக்கு மேட்டில் பங்களா, கிளப், தோட்டம். 'குட்டி இங்கிலாந்து' என்று பெருமையாகச் சொன்ன பகுதி அது. மின்சாரம் பங்களாவுக்கும் எந்திரத்துக்கும். லைனுக்குச் சிம்னி விளக்கு. வேலைக்கு ஆள் எடுத்ததும் பெரும்பாலும் மேஸ்திரி, காண்ட்ராக்டர் மூலமாக. கம்பெனிக்கும் தொழிலாளிக்கும் நடுவில் எந்தக் காகிதமும் கிடையாது. 'வா, வேலை இருக்கு' என்பதுதான் ஒப்பந்தம். 'போ, வேலை இல்லை' என்பதுதான் அதன் முடிவு.

4

தொழிலாளியிடம் கம்பெனி காகிதத்தை நீட்டிய சந்தர்ப்பம் ஒன்று உண்டு. அது எதற்குத் தெரியுமா? கைரேகை வாங்க.

1930-இல் தொழிலாளர் எல்லாரும் கைரேகை பதிக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தார்கள். ஓர் இடத்தில் வேலையை விட்டு நீக்கினவன் இன்னொரு ஷாஃப்டில் வேறு பேரில் சேர்ந்துவிடக் கூடாது. யார், எங்கே, எத்தனை நாள் என்ற கணக்கு கம்பெனி கையில் இருக்க வேண்டும். குற்றவாளியிடம் போலீஸ் செய்வதை எங்களிடம் செய்கிறாயா என்று சனம் கொதித்தது. குற்றப்பரம்பரைச் சட்டம் நடப்பில் இருந்த காலம் என்பதை ஞாபகத்தில் வையுங்கள். ஆயிரக்கணக்கானவர்கள் வேலையை நிறுத்தினார்கள். சட்டப்படி சங்கம் இல்லை, கொடி இல்லை. மைசூர்ச் சமஸ்தானத்தில் தொழிற்சங்கத்துக்குச் சட்ட அங்கீகாரம் கிடைத்ததே 1940-களில்தான். சங்கம் வருமுன்பே நம் சனம் மொத்தமாக நின்று காட்டியது. தொழிலாளர் வரலாற்றில் இதற்கு இடம் கொடுக்காமல் பம்பாய் மில்லையும் சென்னை பக்கிங்காம் மில்லையும் மட்டும் பேசிக்கொண்டிருப்பது என்ன நியாயம்?

எனக்கு இந்தப் போராட்டத்தில் முக்கியமாகப் படுவது இதுதான். கம்பெனிக்கு அரசு எழுதிக் கொடுத்தது குத்தகை. தொழிலாளியிடமிருந்து கம்பெனி எழுதி வாங்க நினைத்தது விரல். தொழிலாளிக்கு யாரும் எதையும் எழுதித் தரவில்லை. எழுத்து யார் பக்கம் நிற்கிறது என்பதைப் படிக்காத சனம் சரியாகப் படித்தது.

நுரையீரலின் கதை இன்னும் மோசம். தங்கம் இருக்கிற கல் சிலிகா நிறைந்த வெண்கல். துளை போடும்போது எழுகிற தூசி நுரையீரலில் படிந்து கெட்டிப்படும். அதற்கு சிலிகோசிஸ் என்று பெயர். முதலில் மூச்சு வாங்கும், பிறகு மாடிப்படி ஏற முடியாது, கடைசியில் படுக்கையில் உட்கார்ந்தபடியே தூங்க வேண்டும். காசநோய் சுலபமாகத் தொற்றிக்கொள்ளும். மைசூர் அரசு 1940-இல்தான் இதை நஷ்டஈடு தரவேண்டிய நோயாக ஏற்றது. அந்தப் பத்தாண்டில் 7,653 தொழிலாளர்களைச் சோதித்தபோது நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் அந்த நோய் இருந்தது. சுரங்கம் தொடங்கி அறுபது வருஷம் கழித்து எண்ணிய கணக்கு இது. அதற்கு முன்னால் செத்தவர்களை யார் எண்ணினார்கள்? மூச்சு முட்டினவன் ஊருக்குத் திரும்பிப் போய்ச் சேரியில் செத்தான். கம்பெனிக் கணக்கில் அவன் 'நின்றுவிட்டவன்'. சேரிக் கணக்கில் 'கோலாருக்குப் போய் இளைச்சு வந்தவன்'. இரண்டு ஏட்டிலும் நோயின் பெயர் இல்லை.

ஆழம் கூடக்கூடப் பாறை வெடிப்பும் கூடியது. சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில் பாறையின் அழுத்தம் தாங்காமல் சுவர் வெடிகுண்டு மாதிரி சிதறும். மேலே லைனில் பாத்திரம் உருளும். பெண்கள் ஷாஃப்ட் வாசலுக்கு ஓடுவார்கள். யார் வீட்டு ஆள் என்று தெரியும்வரை எல்லா வீட்டிலும் சாவுதான். 1946 நவம்பர் 4 அன்று போராடிய தொழிலாளர்கள்மீது போலீஸ் நடத்திய தாக்குதலில் ஆறு பேர் உயிர் போயிற்று. பாறை வெடித்துச் செத்தவர்களுக்கு நினைவுத் தூண் கிடையாது. போலீஸால் செத்தவர்களுக்கு உழைப்பாளிகள் தாமே எழுப்பிக்கொண்டார்கள்.

5

கம்பெனி எதிர்பார்க்காத ஒன்றும் அந்த லைன்களில் நடந்தது. அதை எழுதாமல் விட்டால் தங்கவயல் வரலாறு பாதிதான்.

அயோத்திதாசப் பண்டிதர் சென்னை ராயப்பேட்டையிலிருந்து 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' பத்திரிகையைத் தொடங்கினார். அதே காலத்தில் மாரிகுப்பத்தில் சாக்கிய பௌத்த சங்கம் எழுந்தது. பாதாளத்தில் எட்டு மணி நேரம் துளை போட்டுவிட்டு மேலே வந்தவர்கள் ராத்திரியில் கூடித் தமிழன் படித்தார்கள், விவாதித்தார்கள், சந்தா கட்டினார்கள். பண்டிதர் 1914-இல் மறைந்தபிறகு அந்த மரபைக் காப்பாற்றியதில் தங்கவயலுக்குப் பெரும்பங்கு உண்டு. பண்டிதர் அப்பாதுரையார் 1926-இல் தமிழனை மறுபடி அங்கிருந்து நடத்தினார். சித்தார்த்தா புத்தகசாலை அயோத்திதாசரின் நூல்களைப் பதிப்பித்தது. பின்னாளில் செட்யூல்டு வகுப்பினர் சம்மேளனமும் குடியரசுக் கட்சியும் அங்கே வேர்விட்டன. சி.எம். ஆறுமுகம் அந்த வழியில் வந்த தலைவர். இன்னொரு பக்கம் கே.எஸ். வாசன் போன்ற கம்யூனிஸ்டுகள் சங்கம் கட்டினார்கள். 1954-இல் பாபாசாகேப் அம்பேத்கர் தங்கவயலுக்கு வந்தார்.

தமிழ்த் துறையில் எம்.ஏ. படித்த எனக்கு இரண்டு வருஷத்தில் ஒரு வகுப்பில்கூட இதில் ஒரு வரி சொல்லித்தரப்படவில்லை. மறுமலர்ச்சித் தமிழ் என்றால் மயிலாப்பூரும் திருவாவடுதுறையும்தான் பாடத்திட்டம். சுரங்கத்து லைனில் அச்சுக்கோத்த தமிழுக்குப் பாடத்திட்டத்தில் இடமில்லை.

இதெல்லாம் யார் கொடுத்த கொடை? கம்பெனியும் கொடுக்கவில்லை, மகாராஜாவும் கொடுக்கவில்லை. ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான தலித்துகள், கையில் கொஞ்சம் காசு, தலைக்குமேல் ஆண்டை இல்லாத வாழ்க்கை. இந்த மூன்றும் சேர்ந்ததால் நம் சனமே உண்டாக்கிக்கொண்டது. வட்டார வேலைவாய்ப்பு என்று அதிகாரிகள் சொல்லும்போது தலைக்கணக்கு மட்டும் சொல்கிறார்கள். வேலை நம்மை ஓரிடத்தில் சேர்க்கிறதா, பிரிக்கிறதா என்பதும் ஒரு கணக்கு. காண்ட்ராக்டர் கீழே ஆறு மாசத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுகிற இன்றைய வேலையிலிருந்து ஒரு தமிழனும் பிறக்காது, ஒரு சங்கமும் பிறக்காது.

6

வெள்ளைக்காரன் போனான். 1956-இல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது. 1962-இல் அவை ஒன்றிய அரசின் கைக்குப் போயின. 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்ற பொதுத்துறைக் கம்பெனி ஆயிற்று. வெள்ளைக்காரன் காலி செய்த பங்களாவுக்கு யார் குடிபோனார்கள் என்று இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கேஜில் இறங்குகிறவன் மாறவே இல்லை. ஆனாலும் அரசாங்க வேலை என்பதால் சம்பளமும் பி.எஃபும் ஆஸ்பத்திரியும் ஒழுங்குக்கு வந்தன. இடஒதுக்கீடு என்று வாயைத் திறந்து கேட்க முடிந்தது. இதை மறுப்பது நேர்மையாகாது.

நஷ்டக் கதையும் இந்தக் காலத்தில்தான் தொடங்குகிறது. தோண்டிய தங்கத்தை வெளிச்சந்தையில் விற்கக் கம்பெனிக்கு உரிமையில்லை. அரசு தன் கஜானாவுக்கு எடுத்துக்கொண்டது, அதுவும் சர்வதேச நிதியத்தின் விலைக்கு. உள்ளூர்ச் சந்தையில் தங்கம் அதைவிடப் பல மடங்கு விற்றது. நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்புக்கு அந்தத் தங்கம் போயிற்று. கம்பெனியின் கணக்கில் நஷ்டம் ஏறியது. ஆழம் கூடியதும், கல்லில் தங்கம் குறைந்ததும் உண்மைதான். ஆனால் கஜானாவுக்கு லாபம் ஏறுகிற கணக்கையும் கம்பெனிக்கு நஷ்டம் ஏறுகிற கணக்கையும் இரண்டு ஏட்டில் எழுதி, நஷ்ட ஏட்டை மட்டும் தொழிலாளி முன்னால் விரித்து வைத்தால் அதற்கு என்ன பெயர்?

1992-இல் நலிந்த கம்பெனி என்று முத்திரை விழுந்தது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. நூற்றிருபது வருஷத்தில் எண்ணூறு டன்னுக்கு மேல் தங்கம் கொடுத்த மண் அது. மூவாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர்கள் ஒரே நாளில் வேலையில்லாதவர்கள் ஆனார்கள். பம்புகள் நின்றன. சுரங்கத்தில் தண்ணீர் ஏறியது.

அப்போதுதான் பழைய வித்தியாசம் மறுபடி வெளியே வந்தது. எழுத்தில் இருந்ததெல்லாம் நின்றது. நிலம் கம்பெனி பேரில் நின்றது. எந்திரம் சொத்துப் பட்டியலில் நின்றது. வாயால் சொன்னதெல்லாம் போயிற்று. மூன்று தலைமுறை குடியிருந்த வீடு யாருடையது என்பதற்குத் தொழிலாளியிடம் காகிதம் இல்லை. பாக்கித் தொகைக்கும் வீட்டுக்கும் மனு, வழக்கு, மறியல் என்று வருஷங்கள் ஓடின. 2013-இல் உச்ச நீதிமன்றம் உலகளாவிய டெண்டர் விடலாம் என்றது. தங்கவயல் சனமோ விடியுமுன் மாரிகுப்பம் ரயிலைப் பிடித்து நூறு கிலோமீட்டர் போய் பெங்களூரில் செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங், கட்டட வேலை பார்த்துவிட்டு ராத்திரி திரும்புகிறது. 2011-இல்கூட தங்கவயலில் எடுப்புக் கக்கூஸைக் கையால் அள்ளியதும், மலக்குழியில் இறங்கியவர்கள் செத்ததும் செய்தியாயிற்று. மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் தங்கம் எடுத்தவன் பேரன் கையில் கடைசியில் வந்து நின்றது எது என்று பாருங்கள். சுரங்கம் மூடினபிறகும் மூடாமல் இருப்பது சாதி ஒன்றுதான்.

7

இந்த இடத்துக்குத்தான் இப்போது முக்கியக் கனிமத் திட்டம் திரும்பி வருகிறது.

தங்கவயலைச் சுற்றி மலை மலையாக நிற்கின்றன சயனைடு மேடுகள். கல்லை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்து எடுத்தபிறகு கொட்டிய சக்கை அது. பதின்மூன்று மேடுகள், சுமார் 3.3 கோடி டன். காற்றுக் காலத்தில் அந்தத் தூள் பறந்து வீட்டுச் சோற்றில் விழும். இந்தச் சக்கையிலும் இன்னும் தங்கம் இருக்கிறது. தங்கக் கல்லோடு சீலைட் என்கிற டங்ஸ்டன் தாதுவும் தங்கவயலில் உண்டு; டங்ஸ்டன் முப்பது கனிமப் பட்டியலில் இருக்கிறது. 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை, சுமார் 1,003 ஏக்கரில் உள்ள இந்தப் பதின்மூன்று மேடுகளையும் மறுபடி சலித்தெடுக்கும் ஒன்றிய அரசின் யோசனைக்குச் சம்மதம் கொடுத்தது. 2025 பட்ஜெட்டில் சுரங்கக் கழிவிலிருந்து முக்கியக் கனிமங்களைப் பிரிக்கத் தனிக் கொள்கை வரும் என்று அறிவித்தார்கள். வேலை வரும் என்று மறுபடியும் பேச்சு. தங்கவயலில் டீக்கடைக்கு டீக்கடை இதுதான்.

வரும் வேலையின் தன்மை என்ன? இது கேஜில் ஆயிரம் பேரை இறக்குகிற வேலை இல்லை. மண்வாரி எந்திரம், லாரி, குழாய், தொட்டி. குறைந்த ஆள், அதிலும் காண்ட்ராக்ட் ஆள். ஏலம் எடுக்கிறவன் தனியாராக இருந்தால் இடஒதுக்கீடு என்ற பேச்சுக்கே இடமில்லை. பறக்கிற தூசி மட்டும் பழைய இடஒதுக்கீட்டின்படி லைன் வீடுகளுக்கே போகும்.

2015 சட்டத் திருத்தத்தின்படி மாவட்டந்தோறும் கனிம அறக்கட்டளை உண்டு. ராயல்டியோடு ஒரு பங்கு சேர்த்துக் கட்டி, பாதிக்கப்பட்ட பகுதிக்குச் செலவு செய்ய வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் தங்கவயல் மூடியது 2001-இல். எண்ணூறு டன் தங்கத்திலிருந்து ஒரு பைசாகூட இந்த அறக்கட்டளைக்கு வந்திருக்க வழியில்லை. நோய் முன்னால் வந்தது, சட்டம் பின்னால் வந்தது.

தமிழ்நாட்டிலும் இந்தக் கதை வாசல்வரை வந்து போயிற்று. மதுரை அரிட்டாபட்டிப் பகுதியில் 2,015 ஹெக்டேர் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு 2024 நவம்பரில் இந்துஸ்தான் ஜிங்க் கம்பெனி ஏலத்தில் தேர்வானது. ஊர் ஊராக எழுந்தார்கள். டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 23 அன்று ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. சனங்களின் வெற்றி, சந்தேகமில்லை. ஆனால் அந்த ரத்துக்குச் சில மாதம் கழித்து மக்கள் கருத்துக் கேட்பையே வேண்டாம் என்று ஆணை போட்டார்கள் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். அடுத்த ஊர் எழுந்து நிற்பதற்கான மேடையையே எடுத்துவிட்டார்கள். இன்னொன்றையும் நாம் நமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும். நிலம் உள்ளவனுக்கு நிலம் போகிறது என்ற கணக்கு உண்டு, நஷ்டஈட்டுப் பத்திரமும் உண்டு. அந்த நிலத்தில் கூலிக்குப் போகிறவனுக்கு, புறம்போக்கில் ஆடு மேய்ப்பவளுக்கு எந்தக் கணக்கு? சுரங்கம் வந்தாலும் வராவிட்டாலும் எழுத்தில் இல்லாத சனம் நாம்தான்.

ஆகவே முக்கியக் கனிமத்துக்கு அரசு ஆதரவு வேண்டுமா வேண்டாமா என்ற பட்டிமன்றத்தில் எனக்கு அக்கறை இல்லை. ஆதரவு கொடுத்துக்கொண்டேதான் இருக்கிறார்கள், 1880-இலிருந்து. நாம் கேட்க வேண்டியது எழுத்து.

ஏலப் பத்திரத்திலேயே எழுது: எத்தனை நிரந்தர வேலை, அதில் பழைய சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களுக்கு எத்தனை, பட்டியல் சாதியினருக்கு எத்தனை, காண்ட்ராக்டர் இல்லாமல். மேட்டில் முதல் மண்வாரி ஏறுமுன் லைன் வீட்டுக்குப் பட்டாவை எழுது, பெண்கள் பேரையும் சேர்த்து. பழைய தொழிலாளர் அத்தனை பேருக்கும் மார்புப் படம் எடு. சிலிகோசிஸ் என்றால் சிலிகோசிஸ் என்றே சான்றிதழில் எழுது, 'மூச்சிரைப்பு' என்று எழுதாதே. மேடுகளிலிருந்து வரும் ராயல்டியில் கனிம அறக்கட்டளையின் பங்கு முதலில் லைன்களுக்கு என்று எழுது. சனத்தைக் கூட்டிக் கேட்ட பிறகுதான் அனுமதி என்று எழுது. கம்பெனி குத்தகையை மீறினால் குத்தகை ரத்து என்று இருக்கிற மாதிரி, வேலை வாக்கை மீறினாலும் குத்தகை ரத்து என்று எழுது.

தங்கவயலைப் பற்றி 2018-இலும் 2022-இலும் பெரிய சினிமாக்கள் வந்தன. துப்பாக்கியும் கதாநாயகனும் நிறைந்த படங்கள். 2024-இல் வந்த 'தங்கலான்' வட ஆற்காட்டுப் பறையர்களை அந்தக் கதையின் நடுவில் கொண்டுவந்து நிறுத்தியது. சினிமா அதன் வேலையைச் செய்யட்டும். நம் வேலை வேறு இருக்கிறது. தங்கவயலில் இன்றைக்கு எழுபது, எண்பது வயசில் இருக்கிறவர்கள்தான் சுரங்கத்துக்குள் இறங்கிய கடைசித் தலைமுறை. அவர்கள் வீட்டுப் பெட்டியில் கேஜ் டோக்கன் இருக்கிறது, சம்பளச் சீட்டு இருக்கிறது, ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கிறது, சில வீடுகளில் செல்லரித்த பழைய பத்திரிகையும் இருக்கிறது. மாணவத் தோழர்கள் ஆளுக்கொரு லைன் எடுத்துக்கொண்டு போய் அவற்றைப் படம் பிடித்து, பெரியவர்கள் சொல்வதை அவர்கள் பேச்சிலேயே எழுதி எடுக்க வேண்டும். எந்த ஷாஃப்ட், எத்தனை வருஷம், எப்போது இருமல் தொடங்கியது, வீட்டுக்கு எப்போது மனுக் கொடுத்தார்கள் என்று தேதியோடு எழுதுங்கள். ஏலக்காரன் வரும்போது அவன் கையில் அரசு கொடுத்த காகிதம் இருக்கும். நம் கையிலும் காகிதம் இருக்கட்டும்.